லாவெண்டர் டப்பா

"இந்த வாரத்தோட அவனை அனுப்பிடப் போறேன்" என்றார் சலூன் முதலாளி, செருப்பைக்கூடக் கழற்றாமல்.

அவன் என்றால் புதுசு. நாற்பதை நெருங்கும் மனிதர். கடைக்குப் புதிதாக வந்ததால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

"ஏங்க? நல்லா வெட்டறார்னு நீங்கதானே சொன்னீங்க?" என்றாள் மனைவி.

"வெட்டறான். வேர்வை நாத்தமும் அடிக்கிறான். இன்னைக்கு நம்ம பேங்க் மேனேஜருக்கு நான் வெட்டிட்டு இருக்கேன், பாதியிலயே மனுஷன் மூக்கைப் பிடிச்சிக்கிட்டு 'ஜன்னலைத் திறங்களேன்'கிறார். மானமே போச்சு!"

"மேனேஜர் உங்க நாற்காலியிலயா இருந்தார்?"

"ஆமா. பக்கத்து நாற்காலிகிட்ட நிக்கிறவன் வாடை என் நாற்காலி வரைக்கும் வருதுன்னா பார்த்துக்கோ!"

அவள் பார்த்துக்கொண்டாள். 

"அவசரப்படாதீங்க. ரெண்டு பிள்ளைங்களை வச்சிக்கிட்டு அவர் எங்க போவார்? நான் வீட்டுலயே அக்குளுக்குப் போடற மாதிரி ஒண்ணு செஞ்சு தர்றேன். ஆனா அவருக்கு மட்டும் கொடுத்தா மனசு சுருங்கிடும். கடையில எல்லாரும் போடணும்னு சொல்லுங்க. நீங்களும் போடுங்க."

"எனக்கு எதுக்கு? நான்தான் ரெண்டு வேளை குளிக்கிறேனே!"

"பேருக்குப் போடுங்களேன்."

முதலாளிக்குப் பெருந்தன்மை பொங்கியது. "சரி, ஒரு தொழிலாளிக்காக இதுகூடச் செய்யலேன்னா எப்படி?" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை அடுப்பில் வெந்நீர்ப் பாத்திரம். அதற்குள் ஒரு கிண்ணம். கிண்ணத்தில் தேங்காய் எண்ணெயும் தேன்மெழுகும் உருகின. வாடையைப் போக்கும் சமையல் சோடாவும் சோள மாவும் தயாராக இருந்தன. முதலாளி பக்கத்தில் நின்று மேற்பார்வை பார்த்தார். அடுப்படியில் அவருக்குத் தெரிந்த ஒரே வேலை அதுதான்.

"அந்த லாவெண்டர் எண்ணெயை ஊத்த வேண்டியதுதானே?"

"சூட்டோட ஊத்தினா வாசனையெல்லாம் பறந்துடும். ஆறட்டும்."

"அவன் டப்பாவுல தூக்கலாவே ஊத்து."

"நீங்க போய் டிவி பாருங்க."

அவர் போனார். கலவை ஆறியதும் அவள் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கலக்கி, காலி க்ரீம் டப்பாக்கள் இரண்டில் ஊற்றினாள். வீடே மணத்தது. டப்பாக்களில் 'முதலாளி', 'புதுசு' என்று எழுதி ஒட்டினாள்.

திங்கட்கிழமை கடையில் ஒரு குட்டிப் பிரசங்கமே நடந்தது.

"நம்ம தொழில் கஸ்டமர் மூக்குக்கு நேரா கையத் தூக்கற தொழில். சுத்தம் முக்கியம். இந்தா, வீட்டுல செஞ்சது. வெட்கப்படாத, நானே போடறேன் பாரு. ஆனா ஒண்ணு, மாசக் கடைசிக்குள்ள கடையில வாடை போகணும். போகலேன்னா நீ வேற இடம் பார்த்துக்க."

புதுசின் முகம் சிவந்துவிட்டது. டப்பாவை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, "சரிங்கண்ணே" என்றார். 

மேனேஜர் அடுத்த முறை முடி வெட்ட வந்தார். உட்கார்ந்தார். மூச்சை நன்றாக இழுத்து விட்டார்.

"என்னய்யா, கடையே மணக்குது! ஆளை மாத்திட்டீங்களா?"

"ஆளை மாத்தலை சார், ஆளைத் திருத்திட்டேன்" என்றார் முதலாளி, குரலைத் தாழ்த்தி. தாழ்த்திய குரல் பக்கத்து நாற்காலி வரை தெளிவாகவே கேட்டது. புதுசு குனிந்து கத்தரியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அன்று மதியம் சாப்பாடு கொண்டுவந்த மனைவி, கணவர் டீ குடிக்கப் போகும்வரை காத்திருந்தாள்.

"தம்பி, என்னை மன்னிச்சிடுங்க. ஒரு விஷயம் சொல்லணும். உங்க டப்பாவுல சோடாவே போடலை."

"தெரியும்க்கா" என்றார் அவர். "தொட்டதுமே தெரிஞ்சிது, சோடாவோட நறநறப்பே இல்லை. அதான் கைக்குத் தடவறேன்."

விரல்களை நீட்டிக் காட்டினார். ஷாம்புத் தண்ணீரில் ஊறி ஊறி வெடித்திருந்த தோல் நன்றாகவே ஆறியிருந்தது.

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "கைக்குத்தான் தம்பி அது. மருந்து எல்லாம் அவர் டப்பாவுல. அவர் சட்டையைத் துவைக்கிறவ நான், எனக்குத் தெரியாதா வாடை யாருதுன்னு? நேரா சொன்னா மனுஷன் ஒடிஞ்சு போயிடுவார். அதுக்காகப் பழியை உங்க மேல விட்டுட்டேன்."

"விடுங்கக்கா. சேர்ந்த அன்னைக்கே எனக்கும் தெரியும்."

அவள் திகைத்துப் போனாள். "தெரியுமா? அப்புறம் ஏன் வாயை மூடிக்கிட்டு இருந்தீங்க? வேலையே போயிருக்குமே! 'நான் இல்லை'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

புதுசு சிரித்துக்கொண்டே துண்டை உதறி நாற்காலியின்மேல் போட்டார்.

"எனக்கு வேலை போனா இன்னொரு கடை கிடைச்சிடும்க்கா. வாடை தன்னோடதுன்னு தெரிஞ்சா அண்ணன் அப்புறம் கையத் தூக்கவே கூச்சப்படுவாரு. கையத் தூக்காம எப்படிக்கா முடி வெட்டறது?"