ஆமைப் படை

மூன்றாவது ஆமைச் சீட்டையும் இறக்கிவிட்டு சோமசேகரன் வாசலைப் பார்த்தான். தெருவில் சைக்கிள் மணி கேட்கும்போதெல்லாம் அவன் தலை அந்தப் பக்கம் திரும்பியது.

"வாசல்ல என்ன தம்பி பார்வை? ஆட்டத்தப் பாருங்க" என்றார் எதிரே பாயில் சம்மணமிட்டிருந்த தெட்சிணாமூர்த்தி. ஆமைச் சீட்டின்மேல் தன் சுறாச் சீட்டை வைத்துப் பார்த்துவிட்டு எடுத்துக்கொண்டார். "ம்ஹூம், பல்லு பதியாது. ஓடு கெட்டிதான்."

விழிதியூரில் அது அவர் கண்டுபிடித்த ஆட்டம். பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர். பழைய கல்யாணப் பத்திரிகை அட்டைகளைச் சீட்டுகளாக வெட்டி, பூதமும் யாளியும் கடல்கன்னியுமாக வரைந்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பலம் எழுதிவைத்தார். ஆடுகிறவர்கள் தங்களுக்குள் சீட்டுகளை மாற்றிக்கொண்டு ஆளுக்கொரு படை கட்ட வேண்டும். எதிராளியின் படையை முழுக்கத் தின்றவர் ஜெயித்தவர்.

மாஸ்டரின் படை முழுக்கக் கடல். திருக்கை, சுறா, சூறாவளி, எல்லாவற்றையும் ஒரே வாயில் விழுங்க ஒரு திமிங்கலம். அவரோடு உட்கார்ந்தவர்கள் காப்பி ஆறுவதற்குள் தோற்று எழுந்துவிடுவார்கள்.

அதே பள்ளியில் குமாஸ்தாவான சோமசேகரனிடம் இருந்தது நெருப்புப் படை. ஒரு வாரமாக அதைக் கலைத்துக்கொண்டிருந்தான். கொள்ளிவாய்ப் பிசாசைக் கொடுத்து ஆமைகளை வாங்கினான். தீப்பாம்புகளைத் தள்ளிவிட்டு மலையும் மூடுபனியும் உறங்கும் பூதமும் சேர்த்தான்.

"இந்தப் படையால ஒருத்தரயும் ஜெயிக்க முடியாதேய்யா" என்று கூட ஆடுகிறவர்கள் சிரித்தார்கள். ஜெயிப்பதற்கு அவன் கட்டவில்லை. சீக்கிரம் தோற்றுவிடாமல் இருக்கத்தான் கட்டினான்.

மாஸ்டரின் ஒரே மகள் தையல்நாயகி. டைப்ரைட்டிங் வகுப்புக்கென்று காலையில் கிளம்பியவள், இந்நேரம் காரைக்கால் ரிஜிஸ்டர் ஆபீசில் முத்தையனோடு நின்றுகொண்டிருப்பாள். முத்தையன் சோமசேகரனின் சிநேகிதன், வேறு சாதி. கையெழுத்துப் போட்ட கையோடு உச்சி வேளைப் பஸ்ஸில் இருவரும் சிதம்பரம் போய்விட வேண்டும்.

"அவங்க அப்பா மட்டும் டவுன் பக்கம் வந்துடாமப் பாத்துக்கடா. பள்ளிக்கூடம் லீவு விட்டா கால் போன போக்குல சுத்துற மனுசன்" என்று முத்தையன் கெஞ்சியிருந்தான். அதனால்தான் இந்தப் படையும் இந்த ஆட்டமும்.

அடுப்படியிலிருந்து மாஸ்டரின் மனைவி சொர்ணாம்பாள் எட்டிப் பார்த்தாள். "ஏங்க, தையல இன்னும் காணுமே. எப்பவும் இந்நேரம் வந்துடுவாளே."

சோமசேகரனின் கையிலிருந்து ஒரு சீட்டு நழுவி விழுந்தது.

"பரீட்ச வருதுல்ல, வருவா" என்றார் மாஸ்டர். விழுந்த சீட்டை எடுத்துக் கொடுத்தார். "உங்க மலை தம்பி. பத்திரமா வச்சுக்குங்க."

அந்த அம்மா உள்ளே போனதும், அவன் பயந்தபடியே வாசலில் ஒரு சைக்கிள் வந்து நின்றது. மாஸ்டரின் தம்பி மருதையன். தையல்நாயகியிடம் பஸ் ஸ்டாண்டில் பேச்சுக் கொடுத்தான் என்பதற்காகப் போன வருஷம் ஒரு பையனின் கையை முறித்தவன்.

"அண்ணே, டவுனுக்குப் போறேன். உரம் வாங்கணும். தையலு கெளம்பியிருந்தா அப்படியே ஏத்திக்கிட்டு வந்துடறேன்."

சோமசேகரன் பாதி எழுந்துவிட்டான். ஏதாவது சொல்லி நிறுத்த வேண்டும். என்ன சொல்வது?

"உரத்த சாயங்காலம் வாங்கிக்கலாம்டா. நாத்தங்கால் காயுது. மோட்டார் ஓடுதா பாரு மொதல்ல" என்றார் மாஸ்டர், சீட்டுகளிலிருந்து தலையைத் தூக்காமல். மருதையன் முணுமுணுத்துக்கொண்டே சைக்கிளை வயல் பக்கம் திருப்பினான்.

தெய்வாதீனம் என்று நினைத்துக்கொண்டான் சோமசேகரன்.

ஆட்டம் தொடர்ந்தது. ஆமைகள் ஒவ்வொன்றாகப் போயின. மூடுபனி போயிற்று. உறங்கும் பூதம் கொஞ்ச நேரம் தாக்குப் பிடித்தது. அவனிடம் இனி மலை மட்டும்தான்.

மாஸ்டர் சீட்டுகளை விரித்தபோது நடுவில் திமிங்கலத்தின் வால் தெரிந்தது. போட்டால் தீர்ந்தது. அவரோ யோசித்து யோசித்து ஒரு நண்டைப் போட்டார். அடுத்த முறை ஒரு சங்கைப் போட்டார். மலை அசையவில்லை. இன்றைக்கு மனுஷருக்கு மூளை மந்தம் போலிருக்கிறது என்று அவன் எண்ணிக்கொண்டான்.

பக்கத்து வீட்டு ரேடியோவில் மதியச் செய்தி தொடங்கியது. பஸ் காரைக்காலைவிட்டுப் புறப்பட்டிருக்கும். இனி யார் டவுனுக்குப் போனாலும் ஒன்றுமில்லை. அவனுக்கு உடனே அங்கிருந்து ஓடிவிட வேண்டும்போல் இருந்தது. மலையைக் கவிழ்த்துப் போட்டான்.

"தோத்துட்டேன் சார். கெளம்பறேன்."

"அதுக்குள்ளயா? இன்னொரு ஆட்டம் போடுவோம்."

"இல்ல சார், வீட்டுல தேடுவாங்க."

மாஸ்டர் அவன் மணிக்கட்டைப் பிடித்தார். அடுப்படிப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"மருதையன் வந்து கேட்டா, காலையிலேருந்து நான் இந்தப் பாய விட்டு எழுந்திரிக்கலன்னு நீங்கதான் சொல்லணும்."

சோமசேகரனுக்கு ஒன்றும் புரியவில்லை.

அவர் படையைக் கலைத்துப் புதிதாக அடுக்க ஆரம்பித்தார்.

"பஸ்ஸு கொள்ளிடம் தாண்டட்டும் தம்பி."