கை நுழையாத போல்ட்

ராஜாத்தியின் திராட்சைத் தோட்டத்தில் மினி டிராக்டர் கிளம்பவில்லை. உத்தமபாளையம் பட்டறை முதலாளி மொக்கராசு வந்து பார்த்தார்.

“ஸ்டார்ட்டர் மோட்டாரை மாத்தணும். பின்னாடி போல்ட்டுக்குக் கை நுழையல. இஞ்சினையே இறக்கணும், நாலு நாளாகும்.”

“இன்னைக்கு மருந்தடிக்காட்டி பழம் பூராம் கெட்டுப்போகும்ண்ணே,” என்ற ராஜாத்தி, மெக்கானிக் ஹக்கீமுக்குப் போன் செய்தாள்.

“நான் வேலையவிட்டு அனுப்புனவனயா கூப்புடுற?” மொக்கராசு சிரித்தார்.

வந்த ஹக்கீம் வலது கையை உள்ளே விட்டான். பழைய மோட்டார் வெளியே வந்தது. மொக்கராசு கொண்டுவந்திருந்த புதியதைப் பூட்டிச் சாவியைத் திருப்பினான். வண்டி உறுமியது.

“ஏலே, நாளைக்கே பட்டறைக்கு வந்துரு.”

“வரமாட்டேன் மொதலாளி. இந்தக் கை எதுக்கும் ஆகாதுன்னு சொன்னது நீங்கதான?”

அவன் உயர்த்திக் காட்டிய கையில் மூன்று விரல்களே இருந்தன. மற்ற இரண்டும் போனது மொக்கராசுவின் பட்டறையில்தான்.