பதினான்காவது ஜோடி

எங்கள் காபூல் சந்தில், அடுத்த வீட்டு ஸர்மீனா தையல் வகுப்பு நடத்தினாள். பெண்கள் படிக்கக் கூடாது, வீட்டுக்குள் உட்கார்ந்து தைத்துக்கொள்ளலாம் என்பது ஆட்சியாளர்களின் பெரிய மனசு.

ரொட்டிக் கடை வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற எங்கள் சந்துக் குப்ரா என் வாயைக் கிளறினாள். "உங்க பக்கத்து வீட்டுத் தையல் கிளாஸ் எப்படிப் போகுது?"

"வாசல்ல பதினாலு ஜோடி செருப்பு கிடக்கு. ஆறு மாசமாகியும் ஒரு சட்டைக் கைகூட வெளிய வரல."

வரிசையே சிரித்தது. அதில் யார் புருஷன் எங்கே வேலை பார்க்கிறான் என்று எனக்குத் தெரியும். என் நாக்குக்குத்தான் தெரியவில்லை.

மறுநாள் மதியம் ஒழுக்கத்துறை வண்டி வந்தது. துணிகளுக்கு அடியில் பாடப்புத்தகங்கள் அகப்பட்டன. சிறுமிகளை அப்பாக்கள் வந்து எழுதிக்கொடுத்து அழைத்துப் போனார்கள். ஸர்மீனாவை வண்டியில் ஏற்றினார்கள்.

சாயங்காலம் குப்ரா சேதியோடு வந்தாள்.

"பொண்ணுங்க பதிமூணு, செருப்பு பதினாலு ஜோடி. மிச்சம் யாருதுன்னு அடிச்சுக் கேட்டாங்களாம். என்னோட பழசுன்னே சாதிச்சுட்டாளாம். நீ ஏன்டி அழற? உனக்குத்தான் பொண்ணே கிடையாதே."

"கிடையாதுதான்."

வெறுங்கால்களைப் பாவாடைக்குள் இழுத்துக்கொண்டேன். பின்சுவர் ஏறிக் குதித்ததில் பாதம் கிழிந்திருந்தது.

நாற்பத்திரண்டு வயதில் எனக்கு என் பெயரை எழுதக் கற்றுக்கொடுத்தவள் ஸர்மீனா. அந்த வகுப்பைக் கேலி பேசுகிறவளை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள் என்றுதான் அன்று அப்படிச் சொன்னேன்.

இன்றுவரை யாரும் சந்தேகப்படவில்லை.