முயலுக்குக் கண் மஞ்சளித்தபோது

குளக்கரையில் ஒரு கீழாநெல்லியும் ஒரு கரிசலாங்கண்ணியும் அருகருகே வளர்ந்திருந்தன. ஈரலைக் காப்பதில் யார் கெட்டிக்காரி என்பதில் இரண்டுக்கும் தீராத வழக்கு.

சாரல் புகைபோல இறங்கிய ஒரு காலையில், முயலொன்று தள்ளாடியபடி வந்தது. அதன் கண்கள் மஞ்சள் பூத்திருந்தன.

"காமாலை கண்டிருக்கிறது. உங்களில் யாரைத் தின்றால் பிழைப்பேன்?" என்று கேட்டது.

கரிசலாங்கண்ணி முந்திக்கொண்டது. "ஈரலுக்கென்றால் கீழாநெல்லி அக்காதான். நான் ஏதோ தலைமுடிக்கு ஆவேன்."

கீழாநெல்லிக்கு வேர்வரை நடுங்கியது. "அப்படிச் சொல்லாதே தங்கச்சி. உன் கைராசி எனக்கு ஏது?"

இப்படி ஒன்றையொன்று புகழ்ந்துகொண்டே இருந்தன. கேட்டுக் கேட்டு முயல் அங்கேயே தூங்கிப்போனது. அதன் கன்னம் கீழாநெல்லியின் தண்டில் சாய்ந்திருந்தது. சூடான மூச்சு வந்து வந்து குட்டி இலைகளை அசைத்தது. கீழாநெல்லிக்கு அது தாலாட்டுப் போல இருந்தது. பேச்சை மறந்து அதிலேயே கிறங்கிக் கிடந்தது.

திடீரென்று இலைகளின் அசைவு நின்றது.

"எழுந்திரு," என்றது கீழாநெல்லி. "எழுந்து என்னைத் தின்."

வேரை விட்டுவிடு என்று கேட்க நினைத்தது. கேட்கவில்லை. முயல் ஒரு பெருமூச்சோடு அசைந்து, பாதித் தூக்கத்திலேயே கொறிக்கத் தொடங்கியது. இலை போயிற்று, காய் போயிற்று, தண்டும் போயிற்று. அதற்குமேல் கடிக்க முயலுக்குத் தெம்பில்லை.

அடுத்த மழைக்கு, மிஞ்சிய வேர்க்கட்டையிலிருந்து கீழாநெல்லி ஒரு தளிராக எட்டிப் பார்த்தது. தூரத்தில் முயல் துள்ளிக்கொண்டிருந்தது. பக்கத்தில் கரிசலாங்கண்ணி ஒரு தும்பியிடம் சொல்லிக்கொண்டிருந்தது: "அந்த முயலைக் காப்பாற்றியது நாங்கள்தான்."

தூக்கக் கலக்கத்தில் கீழாநெல்லியும், "ஆமாம்," என்றது.