ஊதிப் பார்த்த குழல்

“ஐயா, ஒழுங்கா ஊதினீங்களோ?” என்று கேட்டார் டொக்டர் தர்சிகா.

“ஓம் பிள்ளை, காலமையும் பின்னேரமும்,” என்றார் அருளம்பலம், இருமலுக்கு நடுவே.

ஊதும்போது எழும் ஒலியின் அதிர்வில் நெஞ்சுச் சளி இளகுகிறதா என்று சோதித்துப் பார்க்க, சில நோயாளிகளுக்கு ஆஸ்பத்திரியில் கொடுத்த குழல் அது.

“உங்களுக்குச் சளி முந்தியைவிடக் கூடித்தான் இருக்கு. மற்றவைக்கும் பெரிசா மாற்றமில்லை. சோதனையை நிப்பாட்டுறம். குழலைத் தந்திட்டுப் போங்கோ.”

“இன்னும் கொஞ்ச நாள் வைச்சிருக்கட்டே?”

“குணம் தராத சாமானை வைச்சிருந்து என்ன செய்யப்போறீங்கள்?”

உண்மையைச் சொல்ல நினைத்தார். சொன்னாலும் குழலை வாங்கிவிடுவார்கள். குழலைக் கொடுத்துவிட்டுப் புத்தூர் பஸ்ஸில் ஏறினார்.

வீட்டில் மனைவி ஞானாம்பிகை மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தாள். நோய் முற்றிவிட்டதென்று சோதனையில் சேர்க்காமல் திருப்பி அனுப்பப்பட்டவள் அவள். அருளம்பலம் அந்தக் குழலில் ஒருநாளும் வாய் வைத்ததில்லை. ஊதியதெல்லாம் அவள்தான். சளி வெளியேறி, அண்மையில்தான் இரவில் படுத்துறங்கத் தொடங்கியிருந்தாள்.

“இஞ்சாருங்கோ, குழலைத் தாங்கோ. நெஞ்சு அடைக்குது.”

நீட்டிய கையை அவர் பற்றிக்கொண்டார்.

“அது ஒருத்தருக்கும் குணம் தரேல்லையாம், ஞானம்.”