ஒழுகினது யார்?

ஒரு பந்தயக் காரின் ரோட்டரி எஞ்சினுக்குப் பின்பக்கம் எண்ணெய் ஒழுகியது. மறுநாள் பந்தயம். மெக்கானிக் அமலோற்பவம் எண்ணெய் கசியாமல் தடுக்கும் பின்பக்கத்து ஆயில் சீலைக் கழற்றிக் குப்பையில் போடப் போனாள்.

“ஐயையோ, நான் ஒரு சொட்டுகூட விடலையே!” என்று அலறியது சீல்.

எஞ்சினுக்குள் பல்சக்கரத்துக்குப் பின்னால் ஒளிந்திருந்த ரப்பர் வளையம் நெளிந்தது. வெடித்துப்போயிருந்தது அதுதான். “மன்னிச்சுக்க அண்ணே, ஒழுகவிட்டது நான்தான்!” என்று கத்தியபடி துள்ளி, அமலோற்பவத்தின் மூக்கில் மாட்டிக்கொண்டது.

அவள் வெடிப்பைப் பார்த்தாள். விழுந்து விழுந்து சிரித்தாள். சீலைத் துடைத்துத் திரும்ப மாட்டி, வளையத்தை மட்டும் புதிதாகப் போட்டு எஞ்சினை ஓடவிட்டாள். ஒரு பொட்டு எண்ணெய் வெளியே வரவில்லை.

“தலை கிறுகிறுங்குதே!” என்று, தன் நடுவே சுழலும் தண்டைப் பிடித்தபடி கூத்தாடியது சீல்.

“விடாதே அண்ணே, நல்லாப் பிடிச்சுக்க!” என்று குப்பைக்கூடையிலிருந்து தொண்டை கிழியக் கூவியது பழைய வளையம்.