ஏழாம் அறைக்கு வெளியூர் நர்ஸ்

"இன்னைக்கும் ஏழாம் அறையா?" என்றாள் ஷெல்பி.

"இன்னைக்கும் ஏழாம் அறைதான்," என்றாள் லோர்னா, நிமிர்ந்துகூடப் பார்க்காமல். அந்த வார்டில் எந்த நோயாளி யாருக்கு என்று பிரித்துக் கொடுக்கிற தலைமை நர்ஸ் அவள்தான்.

ஷெல்பி டிராவல் நர்ஸ். மூன்று மாத ஒப்பந்தம், முடிந்தால் வேறு ஊர். இதுதான் அவளுக்கு முதல் ஒப்பந்தம். கடல் பார்க்கிற ஆசையில் நெப்ராஸ்காவின் மக்காச்சோளக் காட்டை விட்டு, காரில் துணிமணியை அள்ளிப் போட்டுக்கொண்டு அமெரிக்காவின் கிழக்குக் கோடியில் மெயின் மாநிலக் கடற்கரைக்கு வந்திருந்தாள்.

வந்தாளே தவிர, கடலைக் கண்ணால் பார்த்தபாடில்லை. ஊரே பனிமூட்டத்தில் மிதந்துகொண்டிருந்தது. ஆஸ்பத்திரி ஜன்னலுக்கு வெளியே வெள்ளை வெளேரென்று ஒன்றுமே இல்லை. எங்கிருந்தோ துறைமுகச் சங்கு மட்டும் ஊதும். தான் விழித்திருக்கிறோமா, கனா காண்கிறோமா என்று அவளுக்கே சந்தேகம் வந்துவிடும்.

ஏழாம் அறை மணி அடித்தால்தான் சந்தேகம் தீரும்.

அங்கே ஆல்டன். எதிரே இருக்கிற தீவுகளுக்குக் காலமெல்லாம் படகு ஓட்டியவர். ஊரே அவரைக் 'கேப்டன்' என்றுதான் கூப்பிடும். இப்போது புற்றுநோய் எலும்புவரை இறங்கிவிட்டது.

"எங்கே போய்த் தொலைஞ்சே, மக்காச்சோளம்?"

"இங்கேதான் இருந்தேன், கேப்டன். வலி பத்துக்கு எவ்வளவு?"

"ஒன்பது. பத்துன்னு சொன்னா நீ பயந்துடுவே."

டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தபடி ஷெல்பி வலி மருந்தை ஏற்றினாள். அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு திட்டினார், அழுதார், கொஞ்ச நேரத்தில் கண் சொருகப் பேச ஆரம்பித்தார்.

"மூட்டத்துல கண்ணை நம்பக் கூடாது, பொண்ணே. தண்ணி சத்தத்தைக் கேட்டு விடணும் படகை... மெதுவா... மெதுவா..."

கட்டிலே மெல்ல நகர்ந்து வெள்ளைக்குள் போவதுபோல் ஷெல்பிக்கும் இருந்தது. இந்த ஒரு நிமிஷம் மட்டும் அவளுக்குப் பிடிக்கும்.

கதவு திறந்தது. உள்ளூர் நர்ஸ் டானா எட்டிப் பார்த்தாள்.

"கேப்டன், எப்படி இருக்கீங்க?"

தலையணையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பினார் ஆல்டன். "எனக்கென்னடி? ராஜா மாதிரி இருக்கேன்."

"வலி?"

"பூஜ்யம்!"

டானா போனதுமே அந்தப் பூஜ்யம் மறுபடி ஒன்பதாகிவிடும். ஷெல்பிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஊர்க்காரிக்குச் சிரிப்பு, வெளியூர்க்காரிக்கு அழுகையும் திட்டுமா? என்ன நியாயம் இது!

அன்று மத்தியானம் எலும்பு முறிவு வார்டில் ஆள் போதவில்லை, ஒரு நர்ஸை அனுப்பச் சொன்னார்கள். இப்படிக் கேட்டால் டிராவல் நர்ஸைத்தான் முதலில் தள்ளிவிடுவார்கள். அது எங்கும் எழுதாத சட்டம். மற்றவர்கள் முணுமுணுத்துக்கொண்டு போவார்கள். ஷெல்பியோ விட்டால் போதும் என்று பையைத் தூக்கிக்கொண்டாள்.

"நீ இரு. டானா போகட்டும்," என்றாள் லோர்னா.

"நானா?" டானா வெடித்தாள். "டிராவல் நர்ஸ் குத்துக்கல்லாட்டம் நிக்கும்போது நான் போகணுமா? சரி, வாயைத் திறக்க வெச்சுட்டீங்க, சொல்லிடறேன். கேப்டன் எங்ககிட்ட வலியே இல்லைங்கிறார். இவ மட்டும் தினம் தினம் வலி மருந்தை எடுத்துக்கிட்டே இருக்கா. அதெல்லாம் எங்கே போகுதுன்னு யாராவது கேட்டீங்களா?"

போதை தரும் அந்த வலி மருந்தை ஷெல்பி திருடினாள் என்று ஒரு பேச்சு கிளம்பினால் போதும். ஒப்பந்தம் என்ன, நர்ஸ் வேலையே போய்விடும்.

லோர்னா இருவரையும் மருந்து அறைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள்.

"சத்தியமா அவர் ஒன்பதுன்னுதான் சொன்னார்." ஷெல்பிக்கு அழுகை வந்துவிட்டது. "என்னை அனுப்பிடுங்க லோர்னா. வெளியூர்க்காரின்னுதானே தினமும் அவரை என் தலையில கட்டறீங்க?"

"ஆமா. வெளியூர்க்காரின்னுதான்."

ஷெல்பி அழுகையை விட்டு அவளை முறைத்தாள்.

"நீ அவருக்கு மருந்து ஏத்தறதை நான் கதவுக்கு வெளியே நின்னு பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன். ஒரு சொட்டு எங்கேயும் போகலை," என்ற லோர்னா, டானா பக்கம் திரும்பினாள். "தீவுலேர்ந்து நாமெல்லாம் ஸ்கூலுக்கு யார் படகுல வந்தோம்?"

"இதென்ன கேள்வி? கேப்டன் படகுலதான்."

"புயல்ல படகு ஆடும்போது அலறுவோமே, அப்ப என்ன சொல்வார்?"

டானாவின் குரல் இறங்கிவிட்டது. "'ஒண்ணுமில்லடி குட்டிகளா, ஒண்ணுமில்ல'ம்பார்."

"இன்னமும் நம்மளைப் பார்த்தா அதைத்தான் சொல்றார். போன மாசம் நான்தான் அவரைப் பார்த்துக்கிட்டேன். 'பூஜ்யம்டி'ன்னு சிரிப்பார். மருந்தைக் கொண்டு போனா 'எனக்கெதுக்கு?'ன்னு திருப்பி அனுப்புவார். நான் இந்தப் பக்கம் வந்ததும் போர்வையைக் கடிச்சுக்கிட்டு முனகுவார். ராத்திரி பூரா அப்படித்தான்."

டானா எலும்பு முறிவு வார்டுக்குக் கிளம்பினாள்.

லோர்னா கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஷெல்பியின் தோளைப் பிடித்துத் திருப்பினாள்.

"போம்மா. வலிக்குதுன்னு சொல்லி அழறதுக்கு, இந்த ஊர்ல அவருக்கு உன்னை விட்டா தெரியாதவங்க யாருமே இல்லை."